நூறு வயது ரேசர்!

அது 1886-ம் ஆண்டு.

அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் துறைமுகத்தில் இருந்து ஒரு கப்பல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. அதில் ஒரு முதியவர் பயணம் செய்தார்.

அவர் பெயர், ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். புகழ் பெற்ற டாக்டர். கவிஞரும் கூட. அப்போது அவருக்கு வயது 76.

நடுக்கடலில் கப்பல் ஆடியது. தரை ஆடியது. முகம் பார்க்கும் கண்ணாடி ஆடியது. பார்க்கிறவரும் ஆடினார்!

இந்த ஆட்டத்தில் சவரம் செய்வது எப்படி? அந்தக் காலத்தில் பெரும்பாலும் நீளமான சவரக்கத்திதான். அதைக் கழுத்தில் வைத்திருக்கும்போது கப்பல் ஒரு குலுக்குக் குலுக்கினால் என்ன ஆகும்?

ஹோம்சுக்கு அந்தக் கவலை இல்லை. வழியனுப்புப் பரிசாக அவருக்கு ஒரு சின்ன வட்டத் தகர டப்பா வந்திருந்தது. அதைத் திறந்தார். உள்ளே மண்வெட்டி போன்ற ஒரு சிறு கருவி இருந்தது.

அதைக் கொண்டு சவரம் செய்தார். கண்ணாடியே தேவைப்படவில்லை. வெட்டுப்படும் என்ற பயமும் இல்லை. தொல்லையாக இருந்த வேலை பொழுதுபோக்காக மாறிவிட்டது!

ஊர் திரும்பியதும், 1887-ல் வெளிவந்த தம் பயண நூலில் அந்தக் கருவியைப் பற்றிப் புகழ்ந்து எழுதினார்.

அதுதான் "ஸ்டார்" ரேசர். ஒருபக்க பிளேடு போட்டுச் சவரம் செய்யும் ரேசர்களுக்கு எல்லாம் அதுதான் மூத்த அண்ணன்.

மூன்று சகோதரர்கள்

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் காம்ப் சகோதரர்கள் என்று மூன்று பேர் இருந்தார்கள். 1880-ல் இந்த ரேசருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அவர்கள் செய்த தந்திரம் என்ன?

கத்தியின் விளிம்புக்கு முன்னால் சீப்பின் பல் போன்ற ஒரு தடுப்பை வைத்தார்கள். தடுப்பு முதலில் தோலைத் தொடும். தோலைச் சமமாக அழுத்திப் பிடிக்கும். கூர்மையான விளிம்பு ஒரு துளிதான் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். அது முடியை வெட்டும். தோலுக்குள் ஆழமாக இறங்காது.

ஆனால் ஒரு குறை இருந்தது. அதன் பிளேடு தடிமனானது. நாவிதர் கத்தியைத் தீட்டுவது போல, அதையும் அடிக்கடி தோல் வாரில் தீட்ட வேண்டும். வாரத்தில் ஏழு நாளுக்கு ஏழு பிளேடு என்று பெட்டியில் வைத்து விற்றதும் உண்டு.

தூக்கி எறியும் பிளேடு

இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தவர், கிங் கேம்ப் ஜில்லெட். "மெல்லிய பிளேடு, மழுங்கினால் தூக்கி எறி!" என்பது அவர் யோசனை. அந்த யோசனை அவருக்கு 1895-ல் தோன்றியது.

1903-ல் விற்பனை தொடங்கியது. அந்த ஆண்டில் விற்றது எவ்வளவு தெரியுமா? 51 ரேசர்கள். 168 பிளேடுகள். அவ்வளவுதான்!

அடுத்த ஆண்டிலேயே 90 ஆயிரம் ரேசருக்கு மேல் விற்றது.

ஜில்லெட்டின் பிளேடு இரண்டு பக்கமும் கூர் உள்ளது. ரேசரின் விலை 5 டாலர். அந்தக் காலத்துத் தொழிலாளிக்கு அது பெரிய தொகை.

அப்போது, ஒருபக்க ரேசர் செய்தவர்கள் போட்டிக்கு வந்தார்கள். "எவர்-ரெடி" என்ற ரேசரை 12 பிளேடுகளுடன் ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள்! ஏழைகளும் வாங்கினார்கள். "ஜெம்" ரேசரும் அதே குடும்பம்தான். 1919-க்குப் பிறகு ஸ்டார், ஜெம், எவர்-ரெடி ஆகிய மூன்று பெயர்களும் ஒரே கம்பெனியின் கீழ் இருந்தன.

எது நல்லது?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தாத்தாவின் பெட்டியைத் திறந்தால் இப்படி ஒரு ரேசர் கிடைப்பது உண்டு. பழைய சாமான் கடைகளிலும் கிடைக்கிறது. எறிவதா? வைத்துக்கொள்வதா? வாங்கினால் எதை வாங்குவது?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஸ்டார் ரேசர் அழகானது. ஆனால், தீட்டத் தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். மற்றவர்களுக்குக் காட்சிப் பொருள்தான்.

"ரோல்ஸ் ரேசர்" இங்கிலாந்தில் செய்யப்பட்டது. அதன் பெட்டியே ஒரு பட்டறை! ஒரு மூடியில் சாணைக்கல். மறு மூடியில் தோல் வார். கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால், "கடகட" என்ற சத்தத்துடன் பிளேடு தானே தீட்டிக்கொள்ளும். ஒரே பிளேடு பல ஆண்டு உழைக்கும். பின்னாளில் அந்தக் கம்பெனி சலவை எந்திரங்கள் விற்றது, 1964-ல் நொடித்துப்போனது. ஆகவே பிளேடு உடைந்தால், இன்னொரு பழைய ரோல்ஸ் ரேசரைத் தேடித்தான் போக வேண்டும்.

"ஷிக்" ரேசர் 1926-ல் வந்தது. அதைக் கண்டுபிடித்த ஜேக்கப் ஷிக் ராணுவத்தில் இருந்தவர். துப்பாக்கியில் தோட்டா ஏறுவது போலப் பிளேடு ஏறும்படி செய்தார். புதிய பிளேடு உள்ளே போகும்; பழைய பிளேடு வெளியே விழும். விரல் பிளேடைத் தொடவே வேண்டாம்! கை நடுங்கும் முதியவர்களுக்கு இது ஒரு வரம்.

ஜெம், எவர்-ரெடி ஆகியவைதான் எளிமையில் முதல் இடம். பழைய வகையில், மேல் மூடியைத் தூக்கிப் பிளேடை வைத்து மூடினால் போதும். 1930-களில் வந்த "ஜெம் மைக்ரோமேட்டிக்" ரேசரில், கைப்பிடியின் அடிமுனையைத் திருகினால் தலை திறக்கும்.

இதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. இதன் பிளேடு இன்றும் தயாராகிறது! ஆகவே, தினமும் பயன்படுத்த நினைப்பவர் இந்த வகையை வாங்குவதே புத்திசாலித்தனம்.

இருபக்க பிளேடின் கனம் சுமார் 0.1 மில்லி மீட்டர். ஜெம் பிளேடின் கனம் சுமார் 0.23 மில்லி மீட்டர். அதாவது, இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே அது எளிதில் வளையாது, அதிராது. முரட்டுத் தாடியையும் நின்று வெட்டும்.

உயிர்நாடி இங்கே!

பழைய ரேசரை வாங்கும்போது பலரும் பளபளப்பைப் பார்க்கிறார்கள். அது தவறு. பார்க்க வேண்டிய இடம் வேறு.

ஜெம் ரேசரின் தலையில், முன்பக்கத்து இரண்டு மூலைகளிலும் சின்னஞ்சிறு தடைகள் இருக்கும். பிளேடு அளவுக்கு மேல் முன்னால் வராதபடி அவைதான் தடுத்து நிறுத்துகின்றன. பின்னால் இருக்கும் வில், பிளேடை அந்தத் தடைகளின் மீது தள்ளிப் பிடிக்கிறது.

ஒரு தடை வளைந்திருந்தால் பிளேடு கோணலாக நிற்கும். ஒரு பக்கம் மழிக்காது. மறுபக்கம் ரத்தம் வரும்!

ஆகவே, பிளேடைப் போட்டு மூடி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளேடின் விளிம்பும் தடுப்பும் ஒரே சீராக இருக்க வேண்டும். பிளேடு ஆடக் கூடாது. ஆடினாலோ, தடை உடைந்திருந்தாலோ, அந்த ரேசர் அலமாரியில் இருக்கட்டும். முகத்துக்கு வேண்டாம்.

சுத்தம் செய்யும் முறை

பழைய ரேசரில் பல ஆண்டு சோப்பு படிந்து இறுகி இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் சிறிது நேரம் ஊற வையுங்கள். பிறகு, பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள்.

பித்தளைப் பாத்திரம் துலக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள்! பல ரேசர்கள் பித்தளையில் செய்து, மேலே நிக்கல் முலாம் பூசியவை. சிலவற்றில் தங்க முலாம் உண்டு. அழுத்தித் தேய்த்தால் முலாம் போய்விடும். அதன் பின் பச்சைக் களிம்பு ஏறும்.

கொதிக்கும் நீரில் போடுவதும் தவறு. பிளாஸ்டிக் கைப்பிடியாக இருந்தால் வெடித்துவிடும்.

கழுவி உலர்த்திய பிறகு ஸ்பிரிட்டால் துடையுங்கள். கீல் உள்ள இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பெட்டியில் பழைய பிளேடு இருந்தால் அதைத் தொட வேண்டாம். பிறர் பயன்படுத்திய பிளேடில் அவருடைய ரத்தம் ஒட்டியிருக்கலாம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்பாடிட்டிஸ் பி கிருமி ரத்தத்தின் மூலமும் பரவுகிறது. வீட்டில் அப்பாவும் பிள்ளையும் கூட ஒரே பிளேடைப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. பெயிண்டு சுரண்டும் பிளேடும், பார்வைக்கு ஜெம் பிளேடு போலவே இருக்கும். விலையும் மலிவு. ஆனால் அது முகத்துக்காகத் தீட்டப்பட்டது அல்ல. ஏமாறாதீர்கள்!

சவரம் செய்வது எப்படி?

முகத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சோப்பு நுரை பூசுங்கள்.

ஜெம் ரேசரின் தட்டையான தலையைக் கன்னத்தில் படிய வையுங்கள். பிறகு, கைப்பிடியை லேசாகச் சாயுங்கள். பிளேடு முடியைத் தொட்டதும் "சர்சர்" என்று சத்தம் கேட்கும். அதுதான் சரியான கோணம்.

அழுத்த வேண்டாம். ரேசரின் கனமே போதும். முடி வளர்ந்திருக்கும் திசையில், சிறிது சிறிதாக இழுங்கள்.

முடிந்ததும் பிளேடை வெளியே எடுத்து, இரண்டையும் அலசித் தண்ணீரை உதறுங்கள். பிளேடின் விளிம்பைத் துண்டால் துடைக்காதீர்கள். கூர் மழுங்கும், துண்டும் கிழியும், விரலும் போகும்! காற்றில் உலர விடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் துருவும் களிம்பும் வரும்.

சுவருக்குள் பிளேடு

பழைய பிளேடை என்ன செய்வது?

அந்தக் கால அமெரிக்க வீடுகளில், குளியல் அறைச் சுவரில் ஒரு சின்னப் பிளவு இருக்கும். பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழுந்துவிடும். அதோடு மறந்துவிடுவார்கள்! இன்று பழைய வீடுகளை இடிக்கும்போது, சுவரில் இருந்து துருப்பிடித்த பிளேடுகள் பொலபொலவென்று கொட்டுகின்றன.

நமக்கு அந்த வழி வேண்டாம். ஒரு தகர டப்பாவின் மூடியில் சின்னத் துவாரம் போட்டு, அதில் போட்டு வாருங்கள். டப்பா குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது. குப்பை அள்ளுபவரின் கையையும் வெட்டக் கூடாது. நிறைந்ததும் மூடியை இறுக ஒட்டி, "பிளேடு" என்று எழுதிக் கொடுங்கள்.

டாக்டர் ஹோம்ஸ் 1894-ல் காலமானார். அவர் மெச்சிய கருவியின் வாரிசுகள் இன்னும் உழைக்கின்றன. ஒரு டாலருக்கு விற்ற ரேசர், நூறு ஆண்டு கடந்தும் மழிக்கிறது!

காரணம், யாரோ ஒருவர் தினமும் அதைக் கழுவி, உலர்த்தி வைத்ததுதான்.

ரேசரை நீங்கள் காப்பாற்றுங்கள். உங்கள் முகத்தை அது காப்பாற்றும்!