தொட்டி நேரா நிக்குதா பாஸ்?

கோவையில் மேற்குப் பக்கமாக எந்த ரோட்டில் பைக்கை விட்டாலும் மலை வந்துவிடும். மருதமலை, ஆனைகட்டி, வெள்ளியங்கிரி ஏறப் போகிற பூண்டி... செமஸ்டர் முடிந்த மறுநாள் நீங்களும் அங்கேதான் இருப்பீர்கள். ரோட்டோரம் ஒரு குப்பைத்தொட்டி தென்பட்டால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நேரா நிக்குதா, இல்லே பைசா கோபுரம் மாதிரி சாஞ்சு நிக்குதா?

'சாஞ்சா என்ன, குடியா முழுகிடும்?' என்று நானும் கேட்டவன்தான். ஒரு கேம்ப்பில் நண்பர்களோடு சேர்ந்து, மலையடிவாரச் சரிவில் ஆறு தொட்டிகள் வைத்தோம். போட்டோ எடுத்தோம், கைதட்டினோம், கிளம்பினோம். ஒரே ஒரு மழை! அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் நாலு தொட்டி குப்புறப் படுத்துக் கிடக்கிறது. உள்ளே இருந்த குப்பை மொத்தமும் சரிவில் இறங்கி ஓடைக்குள்!

பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனார் அண்ணன் சிரித்தார். "ஏனுங்க தம்பி, இன்ஜினீயருக்குப் படிக்கறோம்னு சொன்னீங்க... ரசமட்டம் வெச்சுப் பாத்தீங்களா?"

செம பல்பு!

ஹாஸ்டலுக்கு வந்து...

பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். எங்கள் தொட்டியின் அடி அகலம் 40 செ.மீ., உயரம் 1 மீட்டர். நிறைந்திருக்கும்போது புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த மையத்திலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு அடிப்பாகத்துக்குள் விழுகிற வரைக்கும் தொட்டி நிற்கும். வெளியே போனால் காலி. இந்தத் தொட்டிக்கு அந்த எல்லை சுமார் 22 டிகிரி.

நாங்கள் வைத்த இடம் 5 அடிக்கு 1 அடி இறங்குகிற சரிவு. அதாவது 11 டிகிரிதான். அப்புறம் ஏன் விழுந்தது? அங்கேதான் ட்விஸ்ட். சமதரையில் 30 கிலோ எடையுள்ள இந்தத் தொட்டியின் மேல்விளிம்பைத் தள்ளிக் கவிழ்க்க, சுமார் 6 கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும். அந்தச் சரிவில் 3 கிலோ போதும். சரியாகப் பாதி! ஒரு குரங்கு தொற்றினாலோ, ஒரு நாய் முன்னங்காலைத் தூக்கி வைத்தாலோ, கீழ்ப்பக்க மண்ணை மழை கொஞ்சம் கரைத்தாலோ கதை முடிந்தது.

அண்ணன் எடுத்த கிளாஸ்

மறுபடி போய் அவர்கிட்டயே கத்துக்கிட்டோம். உங்கள் காலேஜ் பின்பக்க மேட்டுக்கும் இது பொருந்தும்.

முதல் பாடம்: வெட்டுங்கள், கொட்டாதீர்கள். பள்ளமான பக்கத்தில் மண்ணைக் கொட்டிச் சமப்படுத்தினால் முதல் மழையிலேயே அது அமுங்கும். மேட்டுப் பக்கத்தை வெட்டிப் படி மாதிரி எடுத்தால், தொட்டி உறுதியான மண்ணில் உட்காரும். அதைத் திமிசு போட்டு இறுக்கி, ஜல்லி பரப்பி, மேலே 10 செ.மீ. கான்கிரீட். ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பாருங்கள். தண்ணீர் தேங்காமல் வடிய ஒரு மீட்டருக்கு 1 செ.மீ. சாய்வு மட்டும் விடலாம். அப்புறம் நாலு மூலையிலும் போல்ட்.

கம்பத்தில் தொங்குகிற தொட்டியா? குழி 2 அடி ஆழமாவது வேண்டும். எல்லோரும் செய்கிற தப்பு, கம்பத்தைச் சரிவுக்குச் செங்குத்தாக நடுவது. சரிவை மறந்துடுங்க. தூக்குக்குண்டு காட்டுவதுதான் நேர்!

மேட்டுப் பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டால் மழைத்தண்ணி சுற்றிக்கொண்டு போய்விடும். தொட்டிக்கு மூடியும், அடியில் நாலு ஓட்டையும் அவசியம். முக்கியமாக, குப்பை அள்ள வருகிற அக்கா கால் ஊன்றி நிற்க, தொட்டிக்கு முன்னால் சமமான இடம் விடுங்கள். வழுக்குகிற இடத்துத் தொட்டியை யாரும் தினமும் காலி பண்ண முடியாது.

ராத்திரி யார் வருவாங்க?

எல்லாம் முடிந்ததும் அண்ணன் கேட்ட கேள்விதான் மேட்டர். "தொட்டி நிக்கும் தம்பி. ஆனா ஆனை வந்தா?"

2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. பக்கத்தை விட்டு நகராமல் அதன் குட்டி. டாக்டர்கள் சில நாட்கள் போராடியும் பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் வயிற்றுக்குள் ஒரு கரு இருந்தது தெரிந்தது. கூடவே, பிளாஸ்டிக் குப்பையும். அந்தப் பக்கத்துக் குப்பைக் கிடங்குக்கு யானைகள் வந்து மேய்வது ஏற்கெனவே செய்திகளில் வந்த விஷயம்தான்.

அமெரிக்காவில் குப்பைத்தொட்டிக்குப் பரீட்சையே உண்டு. மொன்டானா மாநிலத்தில் இருக்கிற ஒரு மையத்தில் தொட்டிக்குள் தீனி வைத்துக் கரடியிடம் விடுகிறார்கள். 60 நிமிஷம் தாக்குப்பிடித்தால் பாஸ்! ஆனால், டன் கணக்கில் எடை உள்ள யானைக்கு முன்னால் நம் நாலு போல்ட் எம்மாத்திரம்?

அதனால் யானை நடமாடுகிற இடத்தில் தொட்டியே வைக்காமல் இருப்பதுதான் நல்ல இன்ஜினீயரிங். குப்பை கூடவே கீழே இறங்கட்டும். நீலகிரியில் 2022-ல் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிற திட்டம் வந்தது. காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது என்பதுதான் அதற்குக் காரணம். காசு திரும்பி வரும் என்றால் பாட்டிலும் திரும்பி வரும்!

எங்கள் ஆறு தொட்டிகளில் நாலை மட்டம் பார்த்துத் திரும்ப நட்டோம். காட்டை ஒட்டி இருந்த இரண்டைப் பிடுங்கி, கீழே பஸ் ஸ்டாப் பக்கத்தில் வைத்தோம். இந்த முறை போட்டோ எடுக்கவில்லை. ரெண்டு மழை தாண்டியாச்சு, எல்லாம் நிக்குது.

அடுத்த வாரம் மலைக்குப் போறீங்கதானே? பேக்கில் ஒரு துணிப்பையைப் போட்டுக்கோங்க. கொண்டுபோன சிப்ஸ் பாக்கெட்டை அதிலேயே கீழே கொண்டுவந்துடுங்க. அந்தத் தொட்டி சாயவே சாயாது, பாஸ்!