ஃபைபர் இணைப்பு: இலவசம் எது?

“200 வெள்ளி பொருத்தும் செலவு உங்களுக்கு இலவசம், இன்று மட்டும்தான்” என்று வாசலில் நின்று விற்பனையாளர் சொன்னால், முதலில் வரவேற்பறைச் சுவரைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் வீடுகளில் பொருத்தப்பட்டுவரும் ஃபைபர் பெட்டி வீட்டோடு சேர்ந்தது. குடியிருப்பவரோ நிறுவனமோ மாறினாலும் அது அங்கேயே இருக்கும். பெட்டி ஏற்கெனவே இருக்கிறது என்றால், இல்லாத செலவைத்தான் அவர் தள்ளுபடி செய்கிறார்!

இணைப்பைத் தொடங்கிவைக்கும் கட்டணம் வேறு. பெட்டியைப் படுக்கையறைக்கு மாற்றும் செலவு வேறு. ‘இலவசம்’ என்பதில் இவையும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பகலில் தனியாக இருக்கும் முதியவர்கள்தான் இதைக் கேட்காமல் 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள்.

அழைக்காமல் வீடு தேடி வந்து விற்ற ஒப்பந்தமானால், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாட்களுக்குள் அதை எழுத்து மூலம் ரத்து செய்யலாம்.