பேக்கேஜ் இல்லாமல் குடும்பத்தோடு மலேசியா, சிங்கப்பூர்: திட்டமிடும் முறை

பலசரக்குக் கடை நடத்தும் நம்மவர்களுக்கு ஆண்டில் பத்து நாள் ஓய்வு கிடைப்பதே அபூர்வம். பண்டிகை வியாபாரம் முடிந்து, பிள்ளைகளின் பரீட்சையும் முடிந்து, ஒரு முறையாவது குடும்பத்தோடு வெளிநாடு போய் வரலாம் என்று எண்ணும்போது கையில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு பேக்கேஜ் டூர் நோட்டீஸ்தான். "ஆளுக்கு இவ்வளவு" என்று ஒரே தொகை போட்டிருப்பார்கள். அதில் எது எதற்கு எவ்வளவு என்று தெரியாது.

மொத்த வியாபாரத்தில் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தொகையில் டிக்கெட், அறை, வண்டி, சாப்பாடு இவற்றின் அடக்க விலை ஒரு பங்கு. இவற்றை ஒன்றோடொன்று கோத்துக் கொடுக்கும் வேலைக்கான கூலியும் லாபமும் மற்றொரு பங்கு. நாமே நேரில் கொள்முதல் செய்தால் அந்தக் கமிஷன் மிச்சம். ஆனால் பொறுப்பும் நம் தலையில் வந்துவிடும்.

மூட்டை கிழிவது பெரும்பாலும் ஏற்றி இறக்கும் இடத்தில்தான். பல ஊர்ப் பயணமும் அப்படியே. ஊருக்குள் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாறும் இடத்தில்தான் கெடுகிறது. அந்த மாறுமிடங்களைச் சரியாக அமைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நம் உறுப்பினர்கள் பலருக்கும் முதல் வெளிநாட்டுப் பயணமாக அமையும் மலேசியா, சிங்கப்பூரையே உதாரணமாக வைத்து, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

1. கடையை வைத்து நாளைக் குறியுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது கடையின் நாட்காட்டியை. மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ம் தேதியும் 20-ம் தேதியும் முக்கியமானவை. கொடுத்த செக்குகள் எந்தத் தேதியில் வங்கிக்கு வருகின்றன, எந்தக் கம்பெனிச் சரக்கு எப்போது இறங்குகிறது என்பதையும் குறித்துக்கொண்டு, இடையில் எட்டு ஒன்பது நாள் காலியாக இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

வங்கி ஓ.டி.பி. எல்லாம் உங்கள் செல்போனுக்குத்தான் வரும். கிளம்பும் முன் ரோமிங் வசதி செய்துகொள்ளாவிட்டால் அங்கிருந்து பணம் அனுப்பவும் முடியாது, ரிட்டர்ன் போடவும் முடியாது.

2. வழி ஒரே திசையில் போகட்டும்

பலரும் செய்வது, சிங்கப்பூருக்குப் போக வர டிக்கெட் எடுத்துவிட்டு, நடுவில் கோலாலம்பூர் போய்த் திரும்புவது. போன வழியே திரும்பி வர ஒரு முழு நாளும் அதற்கான கட்டணமும் வீண். கோலாலம்பூரில் இறங்கி, தெற்கே மலாக்கா வழியாகச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து ஊர் திரும்புவதே சிக்கனம். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சாலை வழி சுமார் 350 கிலோமீட்டர். மலாக்கா அதன் நடுவில் இருக்கிறது.

ஏழு இரவு என்றால் கோலாலம்பூர் மூன்று, மலாக்கா ஒன்று, சிங்கப்பூர் மூன்று என்று பிரிக்கலாம். கோலாலம்பூரை அடுத்த பத்துமலையில் 272 படி ஏறி முருகனைக் காணலாம். அடிவாரத்தில் 2006-ல் திறக்கப்பட்ட 140 அடி உயரச் சிலை இருக்கிறது. மலாக்காவில் அங்கேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்ட மலாக்கா செட்டிகள் 1781-ல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில், வியாபாரிகளான நாம் பார்க்க வேண்டிய ஒன்று. பினாங்கும் பார்க்க விரும்பினால், அது கோலாலம்பூருக்கு வடக்கே இருப்பதால் முதல் ஊராக வைத்துக்கொண்டு தெற்கே இறங்கி வாருங்கள். அப்படியானால் இரண்டு இரவாவது கூட வேண்டும்.

சிங்கப்பூரைக் கடைசியில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே 2024 ஜனவரி 1 முதல் ஜி.எஸ்.டி. 9 சதவீதம். இத்திட்டத்தில் சேர்ந்த கடைகளில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு, கைச்செலவு கழித்து, அந்த வரியைத் திருப்பித் தருகிறார்கள். ஆனால் விமானத்திலோ பயணக் கப்பலிலோ வெளியேறுபவர்களுக்கே இது உண்டு. பேருந்தில் மலேசியா போகிறவர்களுக்குக் கிடையாது. வாங்கிய சாமான்களை மற்ற ஊர்களுக்குத் தூக்கிக்கொண்டு அலையும் வேலையும் இல்லை.

3. காகிதங்கள்

பாஸ்போர்ட் ஊர் போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைத் தனியாக எடுத்துப் பாருங்கள். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு என்றால் சிறுவர்களுக்கு ஐந்து ஆண்டுதான். வீட்டில் யாருடையது முதலில் முடிகிறதோ அதுவே குடும்பத்தின் தேதி.

நம் பக்கத்தில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். காலிக் கட்டத்துக்கு என்ன எழுதுவது என்பதில் விமானக் கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறு. பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இனிஷியலைப் போட்டு விட்டு, பிறகு திருத்தப் பணம் கட்ட வேண்டாம்.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களை விசா இல்லாமல் 30 நாள் வரை தங்க அனுமதித்தது. இது கெடு வைத்து நீட்டிக்கப்பட்டு வந்த சலுகை. ஆகவே டிக்கெட் எடுக்கும் நாளில் மலேசிய அரசின் குடிநுழைவுத் துறை இணையதளத்தில் நிலையைப் பார்த்துக்கொள்வது அவசியம். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அந்நாட்டுத் தூதரகம் அங்கீகரித்த ஏஜெண்டுகள் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 வெள்ளி, மறுத்தாலும் திரும்பாது. ஏஜெண்டின் கூலி தனி. இரண்டையும் பிரித்து ரசீது கேளுங்கள்.

இவை தவிர, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இரு நாடுகளுக்கும் வருகை அட்டையை இணையத்தில் பூர்த்தி செய்ய வேண்டும். இரண்டும் இலவசம். பணம் கேட்கும் இணையதளம் அரசாங்கத்தினுடையது அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

4. டிக்கெட் எடுக்கும்போது

போவது கோலாலம்பூருக்கு, திரும்புவது சிங்கப்பூரிலிருந்து. இதை விமானக் கம்பெனியின் இணையதளத்தில் "மல்டி சிட்டி" என்ற பகுதியில் ஒரே பதிவாக எடுக்கலாம். மலிவுக் கட்டண விமானங்களில் ஒருவழி டிக்கெட் இரண்டாக எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது. சென்னை, திருச்சி இரண்டு விமான நிலையங்களின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால் இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பில்லை. ஐந்து பேர் குடும்பத்துக்கு அது பெரிய நஷ்டம்.

மலிவு டிக்கெட்டில் பெரிய பெட்டிக்கு இடம் சேர்ந்திருக்காது. பெட்டிக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டினால் விமான நிலையத்தில் கேட்பதைவிடக் குறைவு. நள்ளிரவு விமானத்தின் தேதியையும் கவனியுங்கள். 12-ம் தேதி 0.15 மணி என்றிருந்தால் 11-ம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அங்கே போய் இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி முன்னால் தள்ளிவைக்க வேண்டும்.

5. மாறும் நாட்களில் அவசரம் வேண்டாம்

இரவு விமானத்தில் போனால் விடியற்காலையில் இறங்குவோம். ஹோட்டலில் அறை தருவது பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு. தாத்தா பாட்டியும் சிறு பிள்ளைகளும் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்க நேரும். முன் இரவுக்கும் சேர்த்து அறை எடுங்கள். இல்லையென்றால் பெட்டியை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு அருகில் பார்ப்பதை மட்டும் அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மலாக்காவிலிருந்து சிங்கப்பூர் போகும் நாள் இன்னும் முக்கியம். ஜொகூர் பாருவில் பேருந்தை விட்டு இறங்கி மலேசியச் சோதனை. மறுபடி ஏறி, 1924-ல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலச் சாலையைக் கடந்ததும் பெட்டி படுக்கையோடு இறங்கி உட்லண்ட்ஸில் சிங்கப்பூர்ச் சோதனை. வேலைக்குப் போய் வருவோர் கூட்டம் அதிகம். வெள்ளிக்கிழமை மாலையும் வார இறுதியும் விடுமுறை நாட்களும் வரிசை நீளும். வாரத்தின் நடுநாளில், காலை நெரிசல் தணிந்த பிறகு கடப்பது நல்லது. அன்றைக்கே சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறும்படி ஒருபோதும் அமைக்காதீர்கள். நடுவில் ஓர் இரவாவது இருக்கட்டும்.

6. அறையும் பணமும்

முதலில் ரத்து செய்யக்கூடிய அறையாகவே பதிவு செய்யுங்கள். விசா கைக்கு வந்த பிறகு, ரத்து செய்ய முடியாத மலிவு விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளின் வயதை மறைக்காமல் எழுதுங்கள். சிங்கப்பூரில் அறைகள் சிறியவை. ஓர் அறையில் இத்தனை பேர் என்று கண்டிப்பாக இருப்பார்கள். மலேசியாவில் வெளிநாட்டினருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஹோட்டலில் தனியாகக் கேட்டால் திகைக்க வேண்டாம்.

வெளிநாட்டு நோட்டாக ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை எடுத்துச் செல்லலாம். 50,000 ரூபாய்க்கு மேல் நோட்டு மாற்றினால் அதற்கு ரொக்கம் வாங்க மாட்டார்கள். செக் அல்லது கார்டு மூலம் கொடுக்க வேண்டும். வங்கிக் கார்டில் வெளிநாட்டு உபயோகத்தை நீங்களே திறந்துவிட வேண்டும். அங்கே கடையில் "ரூபாயில் போடட்டுமா" என்று மெஷின் கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் போட்டால் மாற்று விகிதத்தில் நஷ்டம். பணமும் கார்டும் ஒருவர் பையில் மட்டும் இருக்கக் கூடாது.

குடும்பம் முழுவதற்கும் பயணக் காப்பீடு எடுங்கள். பெரியவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதினால்தான் தேவைப்படும் நேரத்தில் பணம் கிடைக்கும்.

7. பெட்டியில் போடக்கூடாதவை

நாம் தினமும் நிறுத்துப் போடும் கசகசா சிங்கப்பூரில் போதைப் பொருள் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டது. கசகசா சேர்ந்த மசாலாப் பொடியையும் கொண்டுபோகாதீர்கள். வாயில் போடும் புகையிலை, மின்சிகரெட், சூயிங்கம் ஆகியவற்றுக்கும் அங்கே தடை. சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட் முதலே வரி. மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, அட்டை பிரிக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

8. வருமான வரிக் கணக்கு

டிக்கெட்டும் அறையும் சேர்த்துப் பேக்கேஜாக வாங்கினால் விற்பவர் டி.சி.எஸ். வரி வசூலிப்பார். உங்கள் பான் எண்ணில் அது வரவாகும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை ரொக்கம் முடங்கும். டிக்கெட் மட்டும், அல்லது அறை மட்டும் தனியாக வாங்குவது பேக்கேஜ் ஆகாது.

ஓர் ஆண்டில் வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்தால், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். குடும்பப் பயணச் செலவைக் கடைச் செலவில் எழுத இயலாது. சொந்தப் பற்றில் எழுதி, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

9. பேக்கேஜ் யாருக்கு நல்லது?

பேக்கேஜே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நடக்கச் சிரமப்படும் முதியவர்கள் உடன் வந்தாலோ, செல்போனில் வழி பார்த்து நான்கு வார்த்தை ஆங்கிலம் பேச வீட்டில் ஆள் இல்லாவிட்டாலோ, கமிஷன் கொடுத்துப் போவதே நிம்மதி. முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். டிக்கெட், விசா, அறை, ஊர்விட்டு ஊர் போகும் வண்டி, நுழைவுக் கட்டணம், சாப்பாடு, காப்பீடு என்று ஒவ்வொன்றுக்கும் நமது அடக்கம் ஒருபுறம், பேக்கேஜில் அது சேர்ந்திருக்கிறதா என்பது மறுபுறம். நமது பக்கத்தில் பத்தில் ஒரு பங்கைக் கைகாவலாகக் கூட்டுங்கள். அதற்குப் பிறகும் வித்தியாசம் கணிசமாக இருந்தால் நீங்களே திட்டமிடுவதில் லாபம் உண்டு. சொற்பமாக இருந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்துப் பொறுப்பை அவர்களிடம் விட்டுவிடலாம்.

கொள்முதலில் ஒரு மூட்டைக்குப் பத்து ரூபாய் விட்டுக்கொடுக்காத நாம், பல லட்சம் செலவாகும் பயணத்தை ஒரே தொகைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியதில்லை. இரண்டு மாதம் முன்பே தாளையும் பேனாவையும் எடுத்து உட்காருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடுவது அவர்களுக்கு எளிது, கணக்குப் பார்ப்பது நமக்கு எளிது.