அளவு மீறிய மக்னீசியம்

பேதி உப்பு நம் மக்களுக்குப் புதியதன்று. இங்கிலாந்தில் எப்ஸம் என்னும் ஊரின் ஊற்றுநீரில் 17ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டமையால் எப்ஸம் உப்பு என்றும் அது பெயர் பெற்றது. மக்னீசியத்தின் சேர்மமாகிய இவ்வெளிய பொருள் இரத்தத்தில் அளவு மீறிக் கலந்துவிடின் நேர்வது என்ன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மக்னீசியம் நமக்குப் பகையன்று. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உண்டு. அதில் பாதிக்கு மேற்பட்டது எலும்பில் தங்கியுள்ளது. இரத்தத்தில் இருப்பதோ நூற்றில் ஒரு பங்குதான். 100 மில்லிலிட்டர் இரத்தநீரில் சுமார் 2 மில்லிகிராம் இருப்பதே இயல்பு. மிகுந்ததைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. ஆகவே கீரையும் பருப்பும் கேழ்வரகும் உண்போர் அஞ்ச வேண்டுவதில்லை. சிறுநீரகம் பழுதுற்றவர்கள் மக்னீசியம் கலந்த பேதி மருந்தையோ வயிற்றெரிச்சல் மருந்தையோ நாள்தோறும் உட்கொள்ளும்போதுதான் ஆபத்து மிகுகிறது.

நரம்பின் ஆணை தசையை அடைய வேண்டுமானால், நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் வெளிப்பட வேண்டும். அதனை வெளிப்படுத்துவது கால்சியம். மக்னீசியம் மிகுந்தால் கால்சியம் நுழையும் வழி தடைப்படுகிறது; ஆணை தசைக்கு எட்டுவதில்லை. முதலில் குமட்டலும் சோர்வும் தோன்றும், முகம் சிவக்கும், இரத்த அழுத்தம் தாழும். அளவு 10 மில்லிகிராமை ஒட்டி உயரும்போது, முழங்காலைத் தட்டினால் எழும் துடிப்பு மறைகிறது. 12க்கு மேல் மூச்சுத் தசைகள் தளரக்கூடும். மேலும் ஏறினால் இதயமும் நின்றுவிடலாம்.

மூளையும் உறங்கிவிடுகிறதா? 1905ஆம் ஆண்டையொட்டி மெல்ட்சர், ஆவர் என்னும் இரு அறிஞர்கள் விலங்குகளுக்கு மக்னீசிய உப்பைச் செலுத்தினர். அவை அசைவற்றுக் கிடந்தன. இதனை உணர்விழப்பு என்றே பலரும் கருதினர். ஆனால் 1966இல் சோம்ஜென் என்பவரும் அவருடைய துணைவர்களும் மனிதர் இருவரிடம் சோதித்தபோது, தசைகள் செயலற்ற நிலையிலும் அவர்கள் நினைவோடும் வலி உணர்வோடும் இருந்தமை தெரியவந்தது. அசைவற்றவர் எல்லாரும் உணர்வற்றவர் அல்லர் என்னும் உண்மையை நாம் மறத்தலாகாது.

எனினும் இதே மக்னீசியம் உயிரையும் காக்கிறது. கருவுற்ற தாய்மார்க்கு இரத்த அழுத்தம் மிகுந்து உண்டாகும் வலிப்பை அது தடுக்கிறது. 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தப்பெற்று 2002இல் வெளியான ஆராய்ச்சியில், இம்மருந்து பெற்றோரிடையே வலிப்பு பாதிக்கும் மேலாகக் குறைந்தது. ஆயினும் ஒவ்வொரு தவணைக்கும் முன்னர் மூன்றைப் பார்த்தல் வேண்டும்: முழங்கால் துடிப்பு இருக்கிறதா? மூச்சு நிமிடத்திற்கு 16 முறையேனும் வருகிறதா? சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டரேனும் இறங்குகிறதா? இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மருந்தை நிறுத்துதல் வேண்டும். மாற்று மருந்தாகிய கால்சியம் குளுக்கோனேட் எப்போதும் அருகிலேயே இருத்தல் வேண்டும்.

வீட்டில் நாம் செய்யத்தக்கதும் உண்டு. முதியோரும் சிறுநீரக நோயாளரும் பேதி மருந்து வாங்குமுன் மருத்துவரைக் கேட்டல் நலம். அத்தகையோரிடம் திடீரெனச் சோர்வும் தசைத் தளர்ச்சியும் காணப்பட்டால், முதுமையின் இயல்பு என்று வாளா இருந்துவிடாமல், உட்கொண்ட மருந்துகளைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனையை அடைவோமாக.