மெழுகு திறக்கும் கதவு

வேலை முடிந்த நேரத்தில் கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை கூட்டரசு நெடுஞ்சாலையில் பழைய புரோட்டோன் சாகாவை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: நெரிசலில் கண் சாலையில் பாதி, வெப்பம் காட்டும் முள்ளில் பாதி. அந்த முள்ளை நடுவில் நிறுத்தி வைப்பது ஒரு சிட்டிகை மெழுகு!

சாகா 1985 ஜூலை 9 அன்று அறிமுகமானது. ஷா ஆலம் தொழிற்சாலையில் முதலில் உருவான கார் பிரிக்ஃபீல்ட்சுக்கு அருகிலேயே, தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிட்சுபிஷியிடமிருந்து வந்த அதன் 1.3 லிட்டர் எஞ்சினின் கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு, மேலே மூடியிருக்கும் 'ஹெட்' அலுமினியம். சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கேஸ்கெட். சூடு எல்லை மீறினால் ஹெட் வளையும், கேஸ்கெட் பிய்யும், தண்ணீர் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறிவிட்டால் செலவு பெரிது.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது வெப்பம் 2000 டிகிரியைத் தாண்டுகிறது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஆனாலும் ஹெட் உருகுவதில்லை. ஒவ்வொரு தீயும் கணப்பொழுதில் அணைந்துவிடுகிறது; சுவருக்குப் பின்னால் ஓடும் தண்ணீரும் வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது. பெட்ரோல் தரும் வெப்பத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இப்படித் தண்ணீரோடு போய்விடுகிறது.

அந்தத் தண்ணீர் எப்போது ரேடியேட்டருக்குப் போகலாம் என்று முடிவு செய்வதுதான் தெர்மோஸ்டாட். உள்ளே ஒரு சின்ன உலோகக் குப்பி, அதில் மெழுகு. ஏறக்குறைய 82 டிகிரியில் மெழுகு உருகத் தொடங்கி, பத்து விழுக்காட்டுக்கும் மேல் பருத்து, ஓர் ஊசியைத் தள்ளிக் கதவைத் திறக்கிறது. ஆறினால் சுருங்கும், ஸ்பிரிங் கதவைச் சாத்திவிடும். வயர் இல்லை, கணினி இல்லை. மெழுகு உருகினால் பருக்கும் என்ற இயற்கை விதி ஒன்றே போதும். எனக்கு இது சலிக்காத வியப்பு.

இந்தத் தெர்மோஸ்டாட்டைத்தான் பல பொமன்கள் (மெக்கானிக்குகள்) கழற்றி வீசிவிடுகிறார்கள். "நம்ம ஊரே சூடு, குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் இது வேணும்" என்பார்கள். அது தவறு. நம் வெயில் 33 டிகிரி. எஞ்சினுக்கு வேண்டியதோ 80-க்கும் மேல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போனாலும், கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியேறும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடாக வெகுநேரம் பிடிக்கும். பிரிக்ஃபீல்ட்சிலிருந்து பங்சார் வரை மட்டுமே ஓடும் காரில் ஈரமும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கிச் சேறாகும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

தெர்மோஸ்டாட் கெட்டதா என்பதை வீட்டு அடுப்பிலேயே பார்க்கலாம். கழற்றியதை நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கொதிப்பதற்குள் கதவு திறக்க வேண்டும், ஆறியதும் மூட வேண்டும். இல்லையென்றால் புதிது வாங்குங்கள். எஞ்சினோடு ஒப்பிட்டால் விலை அற்பம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உள்ளே துரு பிடிக்கும், கூலண்ட் ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தும் நெரிசலில் மட்டும் முள் ஏறினால் ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். கார் நகராதபோது காற்று தருவது அது மட்டுமே.

முள் சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அந்த மூடி தரும் அழுத்தத்தால்தான் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அது ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது காத்திருங்கள்.