மாலை போடும் நாளில் தொடங்கும் மாத்திரைக் கணக்கு

கார்த்திகை பிறந்துவிட்டால் டிக்கோயா, ஹட்டன் தோட்டங்களில் லயத்துக்கு லயம் சரணகோஷம்தான். மாலை போட்டவர்களில் ஒரு பகுதியினர் கடல் கடந்து சபரிமலைக்கே போகிறார்கள். 2025இல் அமைச்சரவை இந்த யாத்திரைக்கு உத்தியோகபூர்வ அங்கீகாரம் தந்தபோது சொல்லப்பட்ட எண்ணிக்கை, இலங்கை முழுவதிலுமிருந்து ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர். கடவுச்சீட்டு, வீசா, விமானச் சீட்டு, குருசாமியிடம் கட்டும் பணம் எல்லாம் கொப்பியில் ஏறுகின்றன. நோய்த்தடுப்புக்கு மட்டும் அதில் இடமில்லை. விடுபட்ட அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

பெரிய கணக்கு மலேரியாவுடையது. 1934–35 கொள்ளைநோயில் இலங்கையில் மாண்டவர்கள் ஏறத்தாழ 80,000 பேர். குளிர் மிகுந்த உயர்மலைத் தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின. நோயைப் பரப்பிய நுளம்பு அந்த உயரத்தில் பெருகவில்லை. நம் வீடுகளில் நுளம்புவலை பழக்கப்படாததற்கும் அதுதான் காரணம். பிறகு டி.டி.டி. பூச்சிகொல்லி வந்தது. 1963இல் நாடு முழுவதும் பதிவானது வெறும் 17 பேர். வேலை முடிந்துவிட்டதென்று கவனம் தளர்ந்தது. 1969இல் அந்த 17, ஐந்து லட்சத்தைத் தாண்டியது. இடையில் ஓடியது ஆறே ஆண்டுகள். உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பர் 5இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இன்று இங்கே பதிவாகிறவர்கள் அநேகமாக எல்லாருமே வெளிநாட்டில் தொற்றி வந்தவர்கள்.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இப்போது மலேரியா குறைவுதான். ஆனால் யாத்திரை போகிறவர்களில் பலர் வழியில் சென்னையில் தங்குகிறார்கள். அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு அங்கே கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும். பொழுது சாய்ந்த பின்தான் கடிக்கும். இதே நுளம்பு 2016 டிசெம்பரில் மன்னாரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. நோய்க்கிருமியோடு ஒருவர் திரும்பி வந்தால், அதைப் பரப்பும் நுளம்பு இங்கேயே காத்திருக்கிறது என்பதுதான் என் கவலை.

பத்து நாள் பயணத்துக்கு எத்தனை மலேரியாத் தடுப்பு மாத்திரை? மெஃப்ளோகுயின் என்றால் வாரம் ஒன்று: புறப்படும் முன் 2, பயணத்தில் 2, திரும்பிய பின் 4, ஆக 8. டொக்ஸிசைக்கிளின் என்றால் நாளுக்கு ஒன்று: முன்னே 2, பயணத்தில் 10, பின்னே 28, ஆக 40. முதல் மருந்தில் பாதியும் இரண்டாவதில் நூற்றுக்கு எழுபதும் வீடு திரும்பிய பிறகு விழுங்க வேண்டியவை. ஊர் வந்து மாலையைக் கழற்றியதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டால் மருந்து பாதியில் நிற்கும். போகும் இடத்துக்கு மாத்திரை தேவையா, தேவையென்றால் எது என்பதை மருத்துவர் சொல்லட்டும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் டொக்ஸிசைக்கிளின் ஆகாது. வலிப்பு, மனநோய் உள்ளவர்களுக்கு மெஃப்ளோகுயின் ஆகாது. மாலை போடும் நாளிலேயே கேட்டுவிட்டால், 41 நாள் விரதத்துக்குள் எல்லா ஏற்பாட்டுக்கும் நேரம் இருக்கிறது.

செலவுக்கு வருவோம். மலேரியா தடுப்பு இயக்கம் பயணிகளுக்கு இந்த மாத்திரைகளை இலவசமாகவே தருகிறது. ஒரு சதமும் இல்லை. அதன் தலைமையகம் நாரஹேன்பிட்டவில். அங்கே போக நேர்ந்தால் ஒரு நாள் பேர் போகும். 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளப்படி அது 1,350 ரூபாய்; பயணச் செலவு தனி. அதனால் முதலில் பக்கத்து சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. எதிர்ப்பக்கத்தையும் எழுத வேண்டும். நோய் வந்து பத்து நாள் வேலை கெட்டால் அதே சம்பளக் கணக்கில் 13,500 ரூபாய் போச்சு. வைவாக்ஸ் வகை என்றால் மூன்று நாளில் 10 குளோரோகுயின். அது முடிந்தும் ஈரலில் பதுங்கிய கிருமியைக் கொல்ல 14 நாள் பிரைமாகுயின். அதைக் கொடுக்கும் முன் இன்னொரு குருதிப் பரிசோதனை.

மற்றவை சிறு செலவுகள். நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி ஒன்று, புறப்பட இரண்டு வாரம் முன்னால். சுமார் மூன்று ஆண்டு காக்கும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி நாலு பைக்கற்று, ஒன்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர். நாயோ குரங்கோ கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போய்விட வேண்டும். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது.

தை மாதக் குளிரில் டிக்கோயாவில் காய்ச்சல் என்றால் யாரும் தடிமல் என்றுதான் நினைப்பார்கள். ஃபால்சிபாரம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் காட்டிவிடும். வைவாக்ஸ் பல மாதம் கழித்தும் எழும்பும். ஆகவே போய் வந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் “இந்தியாவுக்குப் போய் வந்தேன்” என்று நாமே சொல்ல வேண்டும். டிக்கோயாவிலேயே கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது. விரல் நுனியில் குத்தி எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் ஒரு தடித்த பூச்சு, ஒரு மெல்லிய பூச்சு என்று தடவி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். முதல் தகட்டில் கிருமி தெரியவில்லை என்றாலும் காய்ச்சல் விடாதிருந்தால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் இரத்தம் கொடுக்க வேண்டும்.