அம்மா மலையில், பிள்ளை போடியில்!

பொழுது புலருமுன்பே போடிநாயக்கனூர்த் தெருக்களில் ஜீப் ஹாரன் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தூக்குச் சட்டியும் கையுமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டு. அதற்கும் அப்பால் கேரளத்து ஏலத் தோட்டங்கள். செடியின் தூரடியில் குனிந்து குனிந்து காய் எடுத்துவிட்டு, மாலையில்தான் வீடு திரும்ப முடியும்.

அவர்களில் சிலர் பச்சைப் பிள்ளைக்காரிகள்! பிள்ளை, வீட்டில் பாட்டியின் மடியில்.

ஆகஸ்டு முதல் வாரத்தை உலகெங்கும் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடுகிறார்கள். ஏலக்காய் எடுப்பு சூடு பிடிப்பதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். "ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள், தண்ணீர்கூட வேண்டாம்" என்கிறார்கள் டாக்டர்கள். நல்ல புத்திதான். கூலிக்குப் போகிறவள் என்ன செய்வாள்?

சட்டம் இருக்கிறது, ஆனால்...

சட்டம் அவளை மறந்துவிடவில்லை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளை தரவேண்டும் என்றது 1961-ஆம் ஆண்டின் பேறுகாலச் சட்டம். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். ஏலத் தோட்டங்கள் அதற்குள் வர 1981 வரை ஆயிற்று! சின்னத் தோட்டக்காரர் 50 பெண்களுக்கு எங்கே போவார்? காப்பகமே இருந்தாலும், நெரிசலான ஜீப்பில், மலைக் குளிரில் கைக்குழந்தையை யார் தூக்கிப் போவார்கள்? இடைவேளை மலையில் கிடைக்கிறது. பிள்ளையோ அடிவாரத்தில் அழுகிறது.

பாட்டியின் பாலாடை

இந்த இடத்தில்தான் பாட்டி வருகிறாள். பிறந்த குழந்தைக்குச் 'சேனை' என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பவளும் அவளே. அதை விட்டுவிட்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கச் செய்தால் பெரிய புண்ணியம். ஆனால் அவளிடமுள்ள பாலாடையை மட்டும் விடவே கூடாது! புட்டியைவிடப் பாலாடை மேல் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். புட்டியின் ரப்பரில் அழுக்கு ஒளிந்துகொள்ளும். பாலாடையைக் கழுவிக் கொதிநீரில் போட்டெடுப்பது சுலபம்.

ஜீப் வருமுன் பிள்ளைக்கு வயிறாரக் கொடுத்துவிட்டு, சோப்பால் கை கழுவி, மிச்சப் பாலைச் சுத்தமான மூடிபோட்ட கிண்ணத்தில் பீய்ச்சி வைக்கலாம். வெளியில் வைத்தால் 4 மணி நேரம் தாங்கும். போடி வெயிலில் அதற்கும் குறைவாகவே கணக்கிட வேண்டும். நாள் முழுவதும் வேண்டுமென்றால் பிரிட்ஜ் தேவை. இல்லாதவர்கள் அண்டை வீட்டில் ஓர் ஓரம் கேட்கலாம். பாலைக் கொதிக்க வைக்கக் கூடாது. கிண்ணத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் போதும்.

இறைக்கிற கிணறுதான் ஊறும். மலையில் பகல் முழுவதும் பீய்ச்சாமல் விட்டால் மார்பு கட்டி வலிக்கும். நாளடைவில் சுரப்பும் குறையும். அந்த இரண்டு இடைவேளைகளைக் கங்காணி மனமுவந்து விடட்டும். மறைவுக்கு ஒரு தார்ப்பாய், கை கழுவத் தண்ணீர். தோட்டக்காரருக்கு ஆகும் செலவு இவ்வளவுதான்.

பாலைச் சுரக்கச் செய்யும் நீர் உடலில் இரவில் அதிகம். ஆகவே வீடு திரும்பியதும், இரவில் பிள்ளை கேட்கும்போதெல்லாமும் கொடுத்தால் நல்லது. அந்நேரம் அடுப்படியை யார் பார்ப்பது? பாட்டி விடிந்தது முதல் பிள்ளையைத் தூக்கிக் களைத்திருப்பாள். மீதி இருப்பவர் வீட்டுக்காரர்தான்!